இரண்டு விரல் வாசிப்பு

பாலையடிக்குடா,
முசலி.
2012 பெப்ரவரி 12

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை உங்களுக்கு வாசித்துக்காட்டும் றிம்ஷாவுக்கும் சலாம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? பிரஷர் குளிசையை மறக்காமல் போடுகிறீர்களா? வாப்பாவுக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை. நான் சுகம்.

நாங்கள் வந்து இறங்கிய அன்று வேனில் இருந்த எல்லோரும் மண்ணைத் தொட்டு அழுதார்கள். "எங்களத் துரத்தி இருபத்தொரு வருசத்துக்குப் பிறகு ஊருக்கு வந்திட்டம்" என்றார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புத்தளம் முகாமில் பிறந்த எனக்கு எதைப் பார்த்து அழுவது என்று தெரியவில்லை. பற்றைக்காடும் பள்ளிவாசலின் ஒரு சுவரும்தான் இருந்தன. வாப்பாவும் அழவில்லை. குனிந்து ஓர் ஓட்டுத்துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

இப்போதைக்கு, எங்களோடு திரும்பி வந்த வஸீர் நானாவின் வளவு ஓரத்தில் தறப்பாள் கூடாரம் கட்டி இருக்கிறோம். எங்கள் காணியை அளந்து காட்டியதும் அங்கே போவோம் என்று வாப்பா சொல்கிறார். ஊரில் ஆள் இருந்தால்தான் வீட்டுத்திட்டத்தில் பெயர் இருக்குமாம். வீடு முடிந்ததும் நீங்கள் வரலாம். அதற்குள் றிம்ஷாவின் ஐந்தாம் ஆண்டுச் சோதனையும் முடிந்துவிடும். இங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. வெள்ளிக்கிழமை புத்தளம் போகும் வேனில் கடிதம் கொடுத்துவிடுவேன்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஒரு தகரக் கொட்டகையில் நடக்கிறது. மன்னாரிலிருந்து இந்திராதேவி ரீச்சர் மட்டும் பஸ்ஸில் வருகிறார். எல்லா வகுப்பும் அவர்தான். தண்ணீர் எடுக்கப் போன என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, இந்த மூண்டாம் வகுப்பைக் கொஞ்சம் வாசிக்கப் பண்ணுங்கோ, நான் சின்னதுகளைப் பாக்கிறன்" என்றார். நான் எட்டோடு நின்றவள் என்று சொன்னேன். "இதுகள் மூண்டுதானே" என்றார். மறுநாளும் கூப்பிட்டார். இப்போது ஒவ்வொரு நாளும் போகிறேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை. பாயைப் பார்த்துப் பேசுகிறேன்.

அவர்கள் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்கள். ஓதுகிற மாதிரி உடம்பை ஆட்டி, ஒரே இராகத்தில் வாசிக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. "என்ன வாசிச்சீங்க?" என்று கேட்டால் திரும்பவும் முதல் வரியிலிருந்து தொடங்குகிறார்கள். குர்ஆனை அப்படித்தானே நாங்கள் பழகினோம், அர்த்தம் பெரியவர்களானதும் தெரியவரும் என்று. தமிழுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

றிம்ஷா, உனக்கும் இது சோதனைக்கு உதவும். வாசித்து விடை எழுது: 'இரவு ஆற்றில் தண்ணீர் வந்தது. ரீச்சர் மத்தியானம்தான் வந்தார். அவருடைய சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.' கேள்வி: ரீச்சர் ஏன் பிந்தி வந்தார்?

உங்கள் துஆவை வேண்டும்,
நசீறா


புத்தளம்.
2012 மார்ச் 2

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உம்மாவின் காலில் பாதி வீக்கம் இருக்கிறது. குளிசை போடுகிறார், நான் எண்ணிப் பார்க்கிறேன். உங்களுக்கும் வாப்பாவுக்கும் எப்படி?

உங்கள் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்தேன். நிற்காமல் வாசித்தேன் என்று பக்கத்து வீட்டு மாமியும் சொன்னார். இனி உம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"நசீறா, தறப்பாளுக்குள்ள நீ எப்பிடி மகள் படுக்கிறாய்? எங்கட காணி பள்ளிவாசலுக்குப் பின்னால. ரெண்டு பாலை மரம் நிக்கும். அங்கயிருந்து பாத்தாக் கடல் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேக்கும். கிணத்துக்கட்டு உடைஞ்சிருந்தாலும் கிணறு இருக்கும். நல்ல தண்ணி. வாப்பாட்டச் சொல்லு, வாசலைக் கிணத்துப் பக்கம் வைக்கச் சொல்லி. நான் இந்த முகாம் வளவைக் குடுத்திட்டு வாறதெண்டு ஹலீம் காக்காட்டச் சொல்லிப்போட்டன். எடுக்கிற ஆள் இருக்கு. நோன்புப் பெருநாள் முடிய சாவியைக் குடுத்தாச் சரி."

இது நான்: விடை. ரீச்சர் மத்தியானம்தான் வந்தார்.

சரியா ராத்தா?

உங்கள் தங்கை,
றிம்ஷா


பாலையடிக்குடா.
2012 மார்ச் 18

மதிப்புக்குரிய ஹலீம் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இதை உங்கள் தேநீர்க் கடையில் உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லி வேன்காரரிடம் சொல்லியிருக்கிறேன். உம்மாவின் காதுக்கு இது போகக் கூடாது.

காணி அளக்க வந்தார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால் படையினர் போட்ட கம்பிவேலி ஓடுகிறது. எங்கள் காணி வேலிக்கு அந்தப் பக்கம். பாலை மரங்கள் இரண்டும் தெரிகின்றன. கிணறு தெரியவில்லை. காணி இல்லாதவர்களுக்கு வீடு இல்லை என்று வாப்பாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். வேலியைப் பற்றி வாப்பா கேட்டபோது ஓர் அரசாங்கக் கந்தோரில் இன்னொரு கந்தோரைச் சொன்னார்கள். அங்கே போனால் முதல் கந்தோரையே சொன்னார்கள்.

வாப்பா இப்போது வஸீர் நானாவின் வீட்டுக்கு மேசன் வேலை செய்கிறார். "உம்மாட பிரஷருக்கு அந்தக் காணிதான் மருந்து. வேலி ஒரு நாளைக்கு எடுபடும். அதுவரைக்கும் வாயைத் திறக்காத" என்று சொல்லிவிட்டார். உம்மாவுக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். "கட்டுறன் எண்டு எழுது. கட்டுறன்தானே" என்றார்.

மாமா, உம்மா முகாம் வளவைக் கொடுத்துவிட்டால் எங்களுக்கு அங்கேயும் இடம் இல்லை, இங்கேயும் இல்லை. எப்படியாவது அதை நிறுத்துங்கள். அல்லது நீங்களே உம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நான் வாப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பணிவுடன்,
மருமகள் நசீறா


புத்தளம்.
2012 மார்ச் 30

மருமகள் நசீறாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம், கடை நடக்கிறது, பால் விலைதான் சுகமில்லை.

உன் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டுவிட்டேன். உன் உம்மா எனக்குத் தங்கச்சி. ஆனால் சிறுவயதிலிருந்து அதட்டுகிறவள் அவள்தான். நேற்றுப் போய், "கொஞ்சம் பொறுத்து வளவைக் குடுப்பமே" என்றேன். "காக்கா, நீங்க பொறுத்துப் பொறுத்துத்தான் தலைமயிர் கொட்டிச்சு" என்றாள். பிறகு முற்றத்தில் உட்கார்ந்து, ஊரில் எந்த மூலையில் முருங்கை நடுவது என்று ஈர்க்கால் கீறிக் காட்டினாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். சொல்லி அவளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

எடுக்கிற ஆளைப் பெருநாள் வரைக்கும் இழுத்துப் பிடிப்பேன். அதற்குள் உன் வாப்பா சொல்லட்டும். இல்லாவிட்டால் நீ சொல். எனக்குத் தைரியம் இருந்திருந்தால் நான் ஏன் தேநீர்க் கடை நடத்துகிறேன்.

மாமா
ஹலீம்


பாலையடிக்குடா.
2012 ஏப்ரல் 22

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முகாமில் வெயில் எப்படி? கூரை ஓலையை மாற்றினீர்களா? எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு மீன் கிடைக்கிறது.

வேலை நடக்கிறது. அத்திவாரம் முடிந்து, போன வியாழன் வாசல் நிலை வைத்தார்கள். பாலை மரத்தில் செய்த நிலை. வாப்பா நூலில் இரும்புக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நேராக நிற்கிறதா என்று மூன்று பக்கமும் பார்த்தார். லெப்பை வந்து ஃபாத்திஹா ஓதினார். பால்சோறு பகிர்ந்தார்கள். நிலைக்குள்ளே நின்று பார்த்தால் கடல் தெரிகிறது. நீங்கள் அந்த நேரம் இல்லையே என்று நினைத்தேன். பரவாயில்லை, நீங்கள் வரும்போது நிலை நிற்கும்தானே.

பள்ளிக்கூடத்தில் குடைப் பாடம் நடந்தது. 'வானம் கறுத்திருந்தது. கமலா வாசலுக்கு வந்தாள். திரும்பிப் போய்க் குடையை எடுத்தாள்' என்று மூன்று வரி. கமலா ஏன் குடையை எடுத்தாள் என்று கேட்டேன். முதலில் எல்லோரும், "திரும்பிப் போய்க் குடையை எடுத்தாள்" என்றார்கள். கேள்வியில் உள்ள சொல் எந்த வரியில் இருக்கிறதோ அதைத் தூக்கித் தருகிறார்கள். பிறகு வஸீர் நானாவின் மகன் றினாஸ் எழும்பி, "வெயிலுக்கு" என்றான்.

"மழைக்கு இல்லையா?" என்றேன்.

"மழைக்கு ஆர் ராத்தா குடை பிடிக்கிற? நனையிறதுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். "எந்த வரியில கண்ட? விரலை வை" என்றேன். அவன் குடையில் விரலை வைத்தான். "அது ஒரு விரல். மற்ற விரலை வேற வரியில வை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவன் கொஞ்ச நேரம் தேடிக் கறுத்த வானத்தில் வைத்தான். இரண்டு விரலையும் பார்த்தான். "மழை வரப்போகுது. ஆனா அப்பிடி எழுதல்லயே" என்றான். "எழுதல்ல. ரெண்டுக்கும் நடுவில இருக்கு" என்றேன்.

இப்போது எல்லாப் பாடத்துக்கும் இரண்டு விரல்தான். றினாஸ் என்னைச் சீண்டுகிறான். "ராத்தா, நீங்க எட்டுத்தானே. எட்டுக்கு மேல கேள்வி வந்தா என்ன செய்வீங்க?" "நீ மூணுதானே. அங்க வந்து சேர அஞ்சு வருசம் இருக்கு" என்றேன். அன்று நான் பாயைப் பார்க்கவில்லை என்று ரீச்சர் பிறகு சொன்னார்.

றிம்ஷா, நீ எழுதியது பிழை. மத்தியானம் வந்தார் என்பது ஏன் என்பதற்கு விடை இல்லை. இரண்டு விரல் வைத்து மறுபடியும் பார்.

உங்கள் மகள்,
நசீறா


புத்தளம்.
2012 மே 27

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் பிந்திவிட்டது. யாருக்கும் சுகயீனம் இல்லை, பயப்பட வேண்டாம். போன மூன்று வேனுக்கும் எழுதட்டுமா என்று கேட்டேன். "பிறகு பாப்பம்" என்றார் உம்மா.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது உம்மா தையல் மெசினில் இருந்தார். நிலை வைத்த இடம் வந்ததும் மெசினை நிறுத்தி, அந்தத் துண்டை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "ஆர் ஆர் நிண்டாங்க எண்டு எழுதியிருக்கா?" என்று கேட்டார். வாப்பா, லெப்பை என்றேன். பிறகு மெசினை மிதித்தார். ஊசியில் நூல் இல்லை. நான் சொன்ன பிறகுதான் கோர்த்தார்.

இன்று சொன்னார், எழுதச் சொல்லி:

"யன்னல் எத்தினை? அளவை அனுப்பு மகள். சீலை தைக்க வேணும்."

அவ்வளவுதான். வேறு என்ன எழுத என்று கேட்டேன். "அவ எழுதட்டும்" என்றார்.

விடை: ஆற்றில் தண்ணீர் வந்ததால் பஸ் வரவில்லை. ரீச்சர் தண்ணீருக்குள் நடந்து வந்தார். ஒரு விரலை ஆற்றில் வைத்தேன், மற்ற விரலைச் சேலையில் வைத்தேன். பஸ் என்று எங்கேயும் இல்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது.

வாப்பா ஏன் ஒரு வரியும் எழுதுவதில்லை?

தங்கை,
றிம்ஷா


பாலையடிக்குடா.
2012 யூன் 17

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்குச் சுகயீனம் இல்லை என்று றிம்ஷா எழுதியதைப் பார்த்து நிம்மதி. இங்கே கச்சான் காற்று. சோற்றிலும் மண், பாயிலும் மண். வாப்பாவுக்குச் சீமெந்து பட்டு விரல் வெடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்கிறார். பேனை பிடிக்க வசதி இல்லை, அதனால்தான் எழுதவில்லை.

யன்னல் இரண்டு. வாப்பாவின் அளவுநாடாவைக் கேட்கவில்லை, என் சாணால் அளந்தேன். அகலம் ஏழு சாண், உயரம் ஆறு சாண். இரண்டும் ஒரே அளவு.

பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு பாடம். 'எல்லோரும் சாப்பிட்டார்கள். அம்மா ஒரு கோப்பைச் சோற்றை மூடி வைத்தார். விளக்கை அணைக்கவில்லை.' அம்மா யாரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது கேள்வி. இரண்டு விரலையும் வைத்து, "வீட்டுக்கு வர வேண்டிய ஆள்" என்று பலர் சொன்னார்கள். அதுதான் சரி. கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளை, கடலுக்குப் போன மூத்த மகனும் வள்ளமும் திரும்பி வராத வீட்டுப் பிள்ளை, "அவர் வரமாட்டார்" என்றாள். எந்த வரியில் கண்டாய் என்று கேட்டேன். இரண்டு கையையும் புத்தகத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள். நான் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

றிம்ஷா, உன் விடை முழுவதும் சரி.

வஸ்ஸலாம்,
நசீறா


புத்தளம்.
2012 யூலை 29

மருமகள் நசீறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே பகலில் கடை பூட்டு, எனக்கும் ஓய்வு.

இந்தப் பார்சல் உன் உம்மா தந்தது. யன்னல் சீலை. பச்சைத் துணி, ஓரத்தில் வெள்ளைப் பூ. ஊர்க் கண்ணெல்லாம் படும் என்று மூன்று பையில் சுற்றியிருக்கிறாள்.

எடுக்கிற ஆள் வந்து வளவைப் பார்த்துவிட்டுப் போனார். பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் சாவி கொடுப்பது என்று பேச்சு. இனி என்னால் இழுக்க முடியாது, நசீறா. உன் வாப்பா சொல்லமாட்டார். நான் சொல்லமாட்டேன் என்று உனக்குத் தெரியும். உம்மா தையலை முடித்ததும் மெசினுக்கு எண்ணெய் போட்டுச் சாக்கால் மூடிவைத்திருக்கிறாள், பயணத்துக்கு என்று நினைக்கிறேன்.

யோசித்துச் செய்.

மாமா
ஹலீம்


பாலையடிக்குடா.
2012 ஓகஸ்ட் 10

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்போடு மெசின் மிதித்திருக்கிறீர்கள், கால் எப்படி இருக்கிறது? நாங்கள் நோன்பு விடாமல் பிடிக்கிறோம். கஞ்சி பள்ளிவாசலில் தருகிறார்கள்.

யன்னல் சீலை வந்தது. தையல் நேராக இருக்கிறது. பள்ளிக்கூடக் கொட்டகையில் வெயில் விழும் பக்கத்தில் கட்டினேன். அங்கே யன்னல் இல்லை, தகரம் வெட்டின இடம்தான். கொஞ்சம் பெரிது, மடித்துக் கட்டினேன். கொட்டகைக்குள் பச்சையாக வெளிச்சம் விழுகிறது. றினாஸ், "ராத்தா, தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு" என்றான். ரீச்சர் துணியைத் தொட்டுப் பார்த்து, "அம்மாவோ தைச்சது?" என்றார். ஓம் என்றேன்.

பிள்ளைகள் இப்போது வாசிக்கும்போது ஆடுவதில்லை. சில பேர் வாசித்து முடித்ததும் இரண்டு விரலை வைத்துப் பார்க்கிறார்கள், நான் கேட்காமலே.

வேறு எழுத ஒன்றும் வரவில்லை உம்மா. பல முறை தொடங்கிப் பார்த்தேன். அதனால் றிம்ஷாவுக்குச் சோதனைப் பாடம் எழுதுகிறேன். றிம்ஷா, இதை உம்மாவுக்குக் கேட்கும்படி வாசி. அவசரப்படாமல் வாசி.

'ஓர் ஊரில் ஒரு மேசன் இருந்தார். பகல் முழுவதும் அவர் சுவர் கட்டினார். அந்த வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரிந்தது. பின்னேரம் அவர் கையைக் கழுவிவிட்டுத் தறப்பாளுக்குள் குனிந்து போனார். அவருடைய மகள் அவருக்குச் சோறு போட்டாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு கம்பிவேலி இருந்தது.'

கேள்வி: மேசன் கட்டியது யாருடைய வீடு?

பெருநாளுக்கு முன்பு விடை எழுது.

நசீறா


புத்தளம்.
2012 ஓகஸ்ட் 21

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் வாப்பாவுக்கும் பெருநாள் சலாம். பெருநாளுக்கு முன்பு வேன் வரவில்லை, அதனால்தான் பிந்திவிட்டது. எனக்குச் சோதனை வருகிறது. உம்மாவின் கால் பரவாயில்லை.

உங்கள் பாடத்தை முதலில் மனதுக்குள் வாசித்தேன். ஒரு விரலை 'வாசலில் நின்றால் கடல் தெரிந்தது' என்ற வரியில் வைத்தேன். எங்கள் காணியில் இருந்து கடல் தெரியாது என்று உம்மா சொல்லி நான் எழுதிய கடிதம் உங்களிடம் இருக்கிறது. அதனால் மற்ற விரலை வெறும் பாயில் வைத்தேன். பிறகு உங்கள் ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் கடல் தெரிகிறது. தறப்பாள் வஸீர் நானாவின் வளவில் என்று உங்கள் முதல் கடிதத்தில் இருக்கிறது.

விடை: வஸீர் நானாவின் வீடு.

எழுதிவிட்டு உம்மாவுக்கு வாசிக்கப் பயமாக இருந்தது. நீங்கள் சொன்னபடி அவசரப்படாமல் வாசித்தேன். உம்மா பெருநாள் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "விடையை எழுதிட்டியா?" என்று கேட்டார். எழுதினேன் என்றேன். "சரியா எழுதினியா?" ஓம் என்றேன். நான் அழுதேன். உம்மா அழவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

பிறகு சொன்னார். நான் அப்படியே எழுதுகிறேன்.

"நசீறா, உனக்குத் தெரியாது, நீ முகாமில பிறந்த பிள்ளை. எங்கட ஊரில நிலை வைக்கக்குள்ள வீட்டுக்காரி ஒரு கையால நிலையைப் பிடிக்க வேணும். அவட கை படாம ஆரும் அதுக்குக் கீழ கல்லு வைக்கமாட்டாங்க. வீட்டுக்காரி தூரத்தில எண்டா அவ வரும்வரைக்கும் நிலையைச் சுவரில சாத்தி வைச்சிருப்பாங்க. உன்ட வாப்பா எத்தினை வீட்டுக்கு நிலை வைச்ச மனுசன். நான் இல்லாம எனக்கு நிலை வைப்பாரா? அண்டைக்கே எனக்கு விளங்கிச்சு. அண்டைக்கு வஸீர்ட பொஞ்சாதி பிடிச்சிருப்பா, நீ அதை எழுதல்ல.

யன்னல் அளவு கேட்டது, நீயாச் சொல்லுவாய் எண்டுதான். அளவு வந்திச்சு. பிள்ளை ஆர்ட யன்னலிலயோ கையை வைச்சு அளந்திருக்கு எண்டு நினைச்சுத் தைச்சன். பள்ளிக்கூடத்தில கட்டினது நல்லம்.

ஹலீம் காக்காட்டச் சொல்லிப்போட்டன், சாவி குடுக்கிறதில்லை எண்டு. அந்த மனுசன் எனக்கு முன்னால கதிரையில இருந்திட்டார், நோன்பு துறந்த மாதிரி. வளவு இருக்கட்டும். வேலியை எடுக்கிற நேரம் எடுக்கட்டும். மெசினில சாக்கை எடுத்திட்டன்.

நீ அந்தப் பிள்ளைகளை விட்டிட்டு வராத.

வாப்பாவுக்குச் சொல்லாத, எனக்குத் தெரியுமெண்டு. அவர் ஒரு நாளைக்குச் சொல்லுவார். அண்டைக்கு நான் புதுசாக் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொள்ளுறன்."

இவ்வளவும் சொல்லிவிட்டு உம்மா எழும்பிப் போய் மிச்சமிருந்த பச்சைத் துணியைக் கொண்டுவந்து பாயில் விரித்தார். கையால் நீவிப் பார்த்தார். இன்னும் ஒரு வரி எழுதச் சொன்னார். அதோடு கடிதத்தை முடிக்கச் சொன்னார்.

"நீ படுக்கிற தறப்பாளுக்கு வாசல் எவ்வளவு? மறைப்புத் தைக்க வேணும். வாப்பாட்ட நாடா கேக்காத. உன்ட சாணால அள. உன்ட கை எனக்குத் தெரியும்."

றிம்ஷா